44 வயதில் மீண்டும் அவசர சிகிச்சைப் பிரிவில்

நம் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரவு நேரத்தில் வருவோர், பணியில் இருக்கும் மருத்துவர் இளைஞராக இருப்பார் என்றே பெரும்பாலும் எதிர்பார்க்கின்றனர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் மூக்குக்கு இறக்கியும் மருந்துக் குப்பியின் பெயரைப் படிக்கும் என்னைக் கண்டு, "பெரிய டாக்டரே வந்துவிட்டார்" என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. "இந்த அம்மா சர்க்கரை டாக்டர் ஆயிற்றே, இங்கே என்ன செய்கிறார்?" என்று தயங்குவோரும் உண்டு. இரண்டாவது கேள்வி நியாயமானது. நீரிழிவுப் புறநோயாளிகள் பிரிவில் என்னிடம் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெறும் சிலர் அதனை நேரிலேயே கேட்டுவிட்டனர். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்ன விடையை இந்த இதழில் முழுமையாக எழுத முனைகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளும் இதில் உள்ளன. நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

விலகிய கதை

பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்று 2006ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கினேன். அப்போது வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். அவசர சிகிச்சைக்கெனத் தனித் துறை அங்கு இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனியொரு சிறப்புத் துறையாக ஏற்றதே 2009ஆம் ஆண்டில்தான். அதுவரை பொது மருத்துவரும் அறுவை மருத்துவரும் முறை வைத்து அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டோம். 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு வாடகை வேனிலும் ஆட்டோவிலும், சில வேளைகளில் காய்கறி ஏற்றும் வண்டியிலும்கூட நோயாளிகள் வந்து இறங்கினர். ஆக்சிஜனோ முதலுதவியோ இல்லாமல் 30 கிலோமீட்டர் கடந்து வந்தவர்களைக் கைப்பிடித்து இறக்கிய நினைவு இன்றும் இருக்கிறது.

அந்தப் பணி எனக்குப் பிடித்திருந்தது. எனினும் 2010ஆம் ஆண்டில் அதிலிருந்து விலகினேன். மகளின் படிப்புக்காக என்று அனைவரிடமும் கூறினேன். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. முழு உண்மை 2009ஆம் ஆண்டின் ஓர் இரவில் இருக்கிறது.

அன்று இரவு இரண்டு மணியளவில் ஒரு பேருந்து விபத்தில் சிக்கிய பலர் ஒரே நேரத்தில் கொண்டுவரப்பட்டனர். அந்தப் பரபரப்புக்கு நடுவே 55 வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் தம் மகனுடன் வந்தார். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். மேல் வயிற்றில் எரிச்சல், குமட்டல். முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி நின்றார். "இரவு புளிக்குழம்பு சாப்பிட்டேன், ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்று அவரே கூறினார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஊசி போட்டோம். அரை மணி நேரத்தில் சற்றுத் தேவலை என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். ஈ.சி.ஜி. எடுக்கவில்லை.

காலை ஆறரை மணிக்கு அவர் மீண்டும் கொண்டுவரப்பட்டார். உயிர் இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு நெஞ்சு வலியின்றியே வரலாம். வயிற்று எரிச்சலாகவோ வெறும் வியர்வையாகவோ மூச்சிரைப்பாகவோ தோன்றலாம். இது அன்றும் எனக்குத் தெரியும். தேர்வில் எழுதித் தேறிய பாடம். விபத்தில் காயமுற்றோர் நிறைந்திருந்த அந்த அறையில், தாமாக நடந்து வந்த ஒருவரை நான் போதிய அளவு பார்க்கவில்லை.

அந்த மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரியே அந்த ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா, டாக்டர்?" நான் கூறிய விடை இது: "இதெல்லாம் திடீரென்று வருவது. யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது." அவர் தலையசைத்துவிட்டு வாசலுக்குச் சென்றார். ஈ.சி.ஜி.யில் தெரிந்திருக்க வாய்ப்பு மிகுதி என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மையாரைத் தவறவிட்டது ஒரு பிழை. அவருடைய மகனுக்கு நேரான விடை தராதது இரண்டாவது பிழை. இரண்டாவதற்குக் கூட்டத்தையோ நேரத்தையோ காரணம் காட்ட இயலாது.

அதன் பிறகு ஓராண்டு அந்தப் பிரிவிலேயே இருந்தேன். ஒவ்வோர் இரவும் பயந்துகொண்டே பணியாற்றினேன். பயம் மருத்துவரைக் கவனமாக்கும் என்பர். என்னை அது தேவையற்ற சோதனைகளை எழுதுபவராகவும், எளிதில் சினங்கொள்பவராகவும் ஆக்கியது. நீரிழிவுச் சிகிச்சைக்கு மாறும் வாய்ப்பு கிடைத்தபோது மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டேன்.

திரும்பிய கதை

பதினோரு ஆண்டுகள் பகல் நேரப் பணி. எண்ணிலடங்காப் பாதங்களைப் பார்த்தேன். சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதக் கூடாது என்பது நான் எனக்கே விதித்துக்கொண்ட விதி. செருப்பைக் கழற்றச் சொன்னால் கூச்சப்படும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்ப்பது என் வழக்கம். என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள், பேரன் எந்த வகுப்பு, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே விரலிடுக்குகளைப் பார்த்துவிடலாம்.

2021 மே மாதத்தில் கொரோனாவின் இரண்டாம் அலை அந்த ஒழுங்கைக் கலைத்தது. மூச்சுத் திணறலுடன் வந்தோருக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அது பலருக்குச் சர்க்கரையை நானூறுக்கும் ஐந்நூறுக்கும் ஏற்றியது. கரும்பூஞ்சை நோயும் சேர்ந்துகொண்டது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே தேவைப்பட்டார். மருத்துவமனை என்னை அழைத்தது. இரண்டு வாரங்களுக்கு என்றுதான் கூறினர்.

அலை ஓய்ந்த பிறகு திரும்பிச் செல்லலாம் என்றபோது எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் எதிர்ப்பு இருந்தது. "இந்த வயதில் யாராவது இராத்திரி வேலையைக் கேட்டு வாங்குவார்களா?" என்றார் என் மாமியார். பழுதுபட்ட இடத்திலேயே ஒன்றைச் செப்பனிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதை அவருக்கு விளக்கத் தெரியவில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 44ஆம் வயதில், முறைப்படி அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று பகல் நீரிழிவுப் பிரிவு, இரண்டு இரவு இங்கே என்பது ஏற்பாடு.

மறந்ததும் மாறியதும்

திரும்பி வந்த மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது, தமக்குத் தெரிந்தவற்றில் எவை பழையனவாகிவிட்டன என்று கண்டறிவது. என் பட்டியல் நீளமாக இருந்தது.

நான் விலகிய அதே 2010ஆம் ஆண்டில்தான், இதயம் நின்றவருக்குச் செய்யும் உயிர்காப்பு முதலுதவியின் வரிசை மாற்றப்பட்டது. மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்பது நான் கற்ற வரிசை. இப்போது முதலில் மார்பை அழுத்த வேண்டும், மற்றவை பின்னர். விபத்தில் குருதி இழப்போருக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்ற எளிய மருந்து கொடுத்தால் உயிரிழப்பு குறைகிறது என்ற பேராய்வின் முடிவு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். பக்கவாதத்தில் மூளையின் பெரிய குருதிக் குழாயை அடைத்த கட்டியைக் கம்பி செலுத்தி அகற்றும் முறை 2015ஆம் ஆண்டின் ஆய்வுகளுக்குப் பிறகே நிலைபெற்றது. இவை அனைத்தும் நான் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் நடந்தவை.

இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் 25 வயதுப் பிள்ளைகளுடன் அமர்ந்தேன். ரப்பர் பொம்மையின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். ஆழம் போதவில்லையெனில் பொம்மை காட்டிக் கொடுத்துவிடும். முதல் நிமிடம் நன்றாகச் சென்றது. இரண்டாம் நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, முழங்கால்கள் வலித்தன. அழுத்துபவர் எவ்வளவு வலிமை உடையவராயினும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று பயிற்றுநர் கூறியபோது, அந்த விதியை வகுத்தவர்களுக்கு மனத்துக்குள் நன்றி செலுத்தினேன்.

முதல் வாரத்தில் நெஞ்சு வலியுடன் ஒருவர் வந்தார். ஈ.சி.ஜி. மாரடைப்பைக் காட்டியது. நான் பழக்கத்தில் ஆக்சிஜன் முகமூடியை எடுத்தேன். என்னைவிட 17 வயது இளையவரான மருத்துவர், நோயாளிக்குக் கேட்காத குரலில், "மேடம், ஆக்சிஜன் அளவு 97 இருக்கிறது" என்றார். அவ்வளவே கூறினார். மாரடைப்பு வந்த ஒவ்வொருவருக்கும் ஆக்சிஜன் என்பது என் காலத்து வழக்கம். இன்றைய வழிகாட்டுதலின்படி, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் மட்டுமே அது தேவை. முகமூடியை மீண்டும் மாட்டிவைத்தேன். அந்த இளம் மருத்துவர் அன்று மௌனமாக இருந்திருந்தால் பெருந்தீங்கு எதுவும் நேர்ந்திராது. ஆனால் அதன் பிறகு நான் தவறும்போது கூறுவதற்கும் அவர் தயங்கியிருப்பார். பணி முடிந்ததும் அவரை அழைத்து, "இனியும் இப்படியே சொல்லுங்கள்" என்றேன்.

வெள்ளெழுத்தும் ஒரு சிக்கல். மருந்துக் குப்பிகளின் எழுத்து மிகச் சிறியது. ஆகவே எந்த மருந்தை ஏற்றும் முன்பும் பெயரையும் அளவையும் செவிலியர் உரக்கப் படிக்க, நான் திருப்பிச் சொல்ல, அதன் பிறகே ஊசி ஏறும். என் கண்ணுக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கத்தை இப்போது எங்கள் பணிமுறையில் உள்ள அனைவரும் பின்பற்றுகின்றனர்.

பாதத்தில் இருந்த சேறு

சென்ற ஆண்டின் ஓர் இரவு. அதிகாலை 4.10க்கு 108 வாகனத்தில் 58 வயது விவசாயி ஒருவர் வந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலக்கையும் வலக்காலும் தளர்ந்திருந்தன, பேச்சு எழவில்லை. பக்கவாதம் என்பதில் ஐயமில்லை. உடன் வந்த மகன், "மூன்றேகால் மணிக்கு முனகல் கேட்டு அம்மா எழுந்து பார்த்தார், உடனே போன் செய்தோம்" என்றார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். மூளைக் குருதிக் குழாயில் அடைப்பு ஏற்பட்டிருந்தால், கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அந்த நேரத்தை, நோயை நாம் கண்ட நொடியிலிருந்து எண்ணுவதில்லை. நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை ஒருவர் பார்த்த நொடியிலிருந்து எண்ணுகிறோம். உறக்கத்தில் எப்போது அடைப்பு ஏற்பட்டது என்று யாருக்கும் தெரியாது. காலம் கடந்து கொடுத்தால் நன்மை குறைகிறது. மூளைக்குள் குருதி கசியும் ஆபத்து எஞ்சி நிற்கிறது.

இளம் மருத்துவர் சரியான கேள்வியையே கேட்டார்: "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" மகன் கூறினார்: "ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தார்." ஒன்பதரையிலிருந்து நான்கரை மணி நேரம் என்றால் இரண்டு மணியுடன் வாய்ப்பு முடிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். அவர் கணக்கில் பிழை இல்லை.

நான் அப்போது வழக்கம்போல் பாதத்தருகே நின்றிருந்தேன். குதிகாலிலும் விரலிடுக்கிலும் சேறு ஒட்டியிருந்தது. இன்னும் முழுதாகக் காயவில்லை. ஒன்பதரை மணிக்குக் கால் கழுவிப் படுத்தவரின் பாதம் அன்று அது.

கதவோரத்தில் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார். மகன் விடை கூறிக்கொண்டிருந்ததால் அவரை எவரும் கேட்கவில்லை; அவரும் வாய் திறக்கவில்லை. அவரிடம் சென்று, "அம்மா, இரவில் வயலுக்குப் போனாரா?" என்று கேட்டேன்.

"ஆமாம், டாக்டரம்மா. மும்முனைக் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வரும். எழுந்து போய் மோட்டார் போட்டுவிட்டு வந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். நாலு மணிக்கு மடை மாற்றணும், எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் படுத்தார்."

"நன்றாகப் பேசினாரா? செம்பை எந்தக் கையில் வாங்கினார்?"

"நல்லாத்தான் பேசினார். சோத்துக் கையில்தான் வாங்கினார். அப்போது மணி பார்த்தேன், ஒன்றேகால் தாண்டியிருந்தது."

மாடியில் உறங்கிய மகனுக்கு இது தெரியாது. கடைசியாக நலமாக இருந்த நேரத்தை 1.15 என்று எழுதினோம். எங்களுக்கு 5.45 வரை நேரம் இருந்தது. சர்க்கரை அளவைப் பார்த்தோம். சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும். சி.டி. ஸ்கேனில் குருதிக் கசிவு இல்லை. இரத்த அழுத்தம் 196/112 இருந்தது. 185/110க்குக் கீழே கொண்டுவந்த பிறகே மருந்து ஏற்ற முடியும். அதற்கு இருபது நிமிடம் ஆயிற்று.

அந்த இருபது நிமிடத்தில் மனைவியிடமும் மகனிடமும் நன்மை தீமை இரண்டையும் கூறினேன். இந்த மருந்தால் கை கால் மீளும் வாய்ப்பு கூடும், ஆனால் நூறு பேரில் ஆறு பேர் வரை மூளையில் குருதிக் கசிவு ஏற்பட்டு நிலைமை மோசமாகலாம், உயிரே போகலாம். மகன் தாயைப் பார்த்தார். தாய், "கொடுங்கள்" என்றார். 4.58க்கு மருந்தின் பத்தில் ஒரு பங்கை ஊசியாகவும், எஞ்சியதை ஒரு மணி நேரத்தில் சொட்டு சொட்டாகவும் செலுத்தத் தொடங்கினோம்.

விடிந்த பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "நான் அசந்து தூங்கிவிட்டேன். கொஞ்சம் முன்னாடியே பார்த்திருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்குமா?"

2009ஆம் ஆண்டின் கேள்விதான். வேறொரு வாயிலிருந்து வந்தது. இம்முறை நேராக விடை கூறினேன். "இருந்திருக்கும். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் தூங்குகிற நேரத்தில் தூங்கியது உங்கள் தவறன்று. நீங்கள் மணி பார்த்து வைத்திருந்ததால்தான் எங்களால் மருந்தே கொடுக்க முடிந்தது." அவர் சிறிது நேரம் அழுதார். பிறகு, "காபி குடித்தீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

அந்த விவசாயி முழுமையாகக் குணமடைந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் சொற்கள் திரும்பின. மூன்று மாதத்தில் கைத்தடியின்றி நடந்தார். வலக்கைப் பிடி இன்னும் முழுதாக வரவில்லை; மண்வெட்டி பிடிக்க இயலாது. மடை மாற்றும் வேலை இப்போது மகனுடையது.

வயது எடுப்பதும் கொடுப்பதும்

இரவுப் பணிக்கு மறுநாள் முன்போல் என்னால் இயங்க முடிவதில்லை. உடல் மீள இரண்டு நாள் ஆகிறது. மிகக் கடினமான மூச்சுக்குழாயை என்னைவிட இளையவர்கள் விரைவாகப் பொருத்துகின்றனர். அப்போது நான் விலகி நின்று உதவுகிறேன். இவை இழப்புகள். நோயாளியைப் பாதிக்காதவாறு இவற்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பணியைப் பகிர்ந்துகொள்வது என் பொறுப்பு.

கிடைத்தவையும் உண்டு. நாள்பட்ட நோயுடன் வாழும் மனிதரின் வீடு, தொழில், உணவு, உறக்கம் ஆகியவற்றைப் பற்றிப் பதினோரு ஆண்டுகள் கேட்டுப் பழகியது வீணாகவில்லை. பேசாமல் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதும் அங்கே கற்றதுதான். எங்கள் பிரிவில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. தாடைக்கும் தொப்புளுக்கும் இடையே எந்த வலியோ எரிச்சலோ கூறினாலும், சர்க்கரை நோயாளி காரணமின்றி வியர்த்தாலும், பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவர் பார்த்தாக வேண்டும். அறையில் எத்தனை விபத்துக் காயங்கள் இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மருத்துவரிடமும் அந்த அம்மையாரின் கதையை, என் பிழையாகவே, கூறுகிறேன்.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

நீங்கள் எங்களிடம் வரும் இரவு உங்கள் வாழ்வின் கடினமான இரவாக இருக்கலாம். அப்போது எதையும் நினைவுகூர முடியாது. ஆகவே இவற்றை இப்போதே படித்து வையுங்கள்.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்ட நேரமும் வேண்டும். அதற்கு முன்பு கடைசியாக நன்றாகப் பேசி, நடந்து, உண்டதைப் பார்த்த நேரமும் வேண்டும். வீட்டில் யார் கடைசியாகப் பார்த்தாரோ அவர் உடன் வருவது நல்லது. அவர் வர முடியாவிட்டால் தொலைபேசியிலாவது கிடைக்க வேண்டும்.

முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். தண்ணீரோ காபியோ மாத்திரையோ வாயில் கொடுக்க வேண்டாம். விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாகக் கூடுதலாகக் கொடுப்பதும் தீங்கு.

மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள். "வெள்ளையாகச் சின்ன மாத்திரை" என்பதிலிருந்து எங்களால் எதையும் அறிய முடியாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவராயின் அதை முதலில் சொல்லுங்கள். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் அது மிகப் பெரிய உதவி. புதியதுடன் ஒப்பிட்டு எது மாறியது என்று பார்க்கலாம்.

காத்திருக்கச் சொன்னால் வருந்தாதீர்கள். வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தின் அளவுப்படி பிரிக்கிறோம். வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. ஆனால் காத்திருக்கும்போது வலி கூடினாலோ, வியர்த்தாலோ, மயக்கம் வந்தாலோ அமர்ந்திராதீர்கள்; எழுந்து வந்து கூறுங்கள். பச்சை சிவப்பாக மாறுவதை முதலில் காண்பவர் அருகில் இருக்கும் நீங்கள்தான்.

சாலையில் அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்க்க அஞ்ச வேண்டாம். உதவியவர் தம் பெயரைக் கூறும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் உறுதி செய்கிறது. தமிழ்நாட்டில் நிகழும் சாலை விபத்துகளில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டமும் உண்டு.

கேள்வி கேளுங்கள். "ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமா?", "இதைத் தவிர வேறு எதுவாக இருக்கலாம்?", "எந்த நிலையில் நாங்கள் திரும்பி வர வேண்டும்?" இவற்றைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று எண்ண வேண்டாம். களைத்திருக்கும் மருத்துவரை ஒரு கணம் நிறுத்திச் சிந்திக்கவைக்கும் கேள்விகள் இவை. அந்த மகன் 2009இல் காலையில் கேட்டதை இரவிலேயே கேட்டிருந்தால் என்று நான் நினைப்பதுண்டு. கேட்க வேண்டிய கடமை அவருடையதன்று. எனினும் கேட்கும் உரிமை உங்கள் அனைவருக்கும் இருக்கிறது.

இறுதியாக ஒரு சிறு வேலை. இன்றே ஒரு தாளில் உங்கள் பெயர், வயது, நோய்கள், உட்கொள்ளும் மருந்துகளும் அவற்றின் அளவும், ஒவ்வாத மருந்து, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி, ஒன்றைப் பணப்பையிலும் மற்றொன்றைக் குளிர்பெட்டியின் கதவிலும் வையுங்கள். எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும். இரவில் அதைப் படிக்கப்போவது நானாகவும் இருக்கலாம்.